மறுமொழி: ‘கம்போசிட்டிங்’ – கலவையா, தொகுப்பா, படலச்சேர்ப்பா?

குழுவினருக்கு வணக்கம். உலாவியில் வரும் ‘கம்போசிட்டிங்’ (compositing) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்ற நம் விவாதத்துக்கு இது என் பதில். குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘கலவை’ போதுமே. சின்னச் சொல், எல்லோருக்கும் புரியும்.

சின்னச் சொல்தான், ஐயா. ஆனால் கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள்: சிமெண்டோடு கலவையான மணலை மறுபடி அள்ள முடியாது. கம்போசிட்டிங்கில் எதுவும் கரைவதில்லை. வலைப்பக்கத்தின் பகுதிகள் தனித்தனியாகத் தீட்டப்பட்டு நினைவகத்தில் காத்திருக்கின்றன. திரைக்குப் போகும் நேரத்தில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. அடுத்த நொடியே ஒன்றை மட்டும் நகர்த்தலாம், மற்றவை அப்படியே இருக்கும்.

திருமங்கலம் ஆசிரியை ‘தொடுப்பு’ என்றார். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அருகில் குடியிருந்துகொண்டு அதை மறுக்க மனம் வரவில்லை. இருந்தாலும், கதம்பத்தில் மரிக்கொழுந்து மல்லிக்குப் பக்கத்தில்தான் வருகிறது, மல்லியை மறைப்பதில்லை. நமக்கு மறைக்கவும் வேண்டும், பாதி மறைத்துப் பாதி காட்டவும் வேண்டும். ‘தொகுப்பு’ வேண்டவே வேண்டாம். கம்பைலரையும் பேக்கேஜையும் ஏற்கெனவே அதன் தலையில்தான் கட்டியிருக்கிறோம்.

சிறுவயதில் மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் பார்த்தேன். மேடையின் ஓரத்தில் இடம் கிடைத்ததால், ராஜபார்ட்டைவிடப் படுதாக் (காட்சி வரைந்த திரைச்சீலை) கயிறு இழுக்கிறவரைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். தர்பார்ப் படுதா மேலே சுருண்டதும் பின்னால் காட்டுப் படுதா தயாராக இருந்தது. யாரும் ஓடிவந்து மரம் வரையவில்லை. என்றைக்கோ வரைந்த மரங்கள். அன்றிரவு கயிற்றை இழுத்ததோடு சரி.

உலாவியில் படுதாவை வரைவது தீட்டல், கயிறு இழுப்பது கம்போசிட்டிங். ரெண்டரிங் என்பது இரண்டையும் உள்ளடக்கிய முழு வேலை. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு, அதாவது ஒருமுறை காட்டும் படத்துக்கு)க் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. ஒரு பெட்டியின் இடத்தை ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற பண்பு வழியாகவோ, அதன் ஒளிபுகும் அளவையோ மாற்றினால் பெரும்பாலும் கயிறு இழுப்பதோடு வேலை முடிகிறது. அகலத்தை மாற்றினால் எது எங்கே வரும் என்ற தளவமைப்பைக் கணக்கிட்டு, திரும்பத் தீட்டவும் வேண்டும். அங்கேதான் திரை திக்குகிறது. அதற்காக எல்லாவற்றையும் தனிப் படுதா ஆக்கினால் நினைவகம் தாங்காது.

சொல்லைப் பற்றி இவ்வளவு அடம் ஏன் என்றால், என் பழைய மடிக்கணினிதான் காரணம். லினக்ஸ் புதிதாக நிறுவியதிலிருந்து ஃபயர்பாக்ஸில் செய்திப் பக்கத்தை உருட்டினாலே மின்விசிறி அலறியது. முகவரிப் பட்டியில் ‘அபௌட்’ போட்டு, முக்காற்புள்ளி வைத்து, ‘சப்போர்ட்’ என்று தட்டினேன். கிராஃபிக்ஸ் பகுதியில் கம்போசிட்டிங் என்ற வரிக்கு எதிரே ‘வெப்ரெண்டர் (சாஃப்ட்வேர்)’ என்றிருந்தது. வெப்ரெண்டர் என்பது பக்கத்தைத் திரைக்குத் தீட்டித் தரும் ஃபயர்பாக்ஸின் பகுதி. அதாவது கிராஃபிக்ஸ் சில்லு சும்மா உட்கார்ந்திருக்க, மையச் செயலியே எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருந்தது. கிராஃபிக்ஸ் சில்லை வேலை வாங்கும், விட்டுப்போன மேசா இயக்கித் தொகுப்பை நிறுவி, மறுதொடக்கம் செய்து பார்த்தேன். அடைப்புக்குறி போயிருந்தது, அலறலும் போயிருந்தது. அந்த வரி ‘கலவை’ என்று தமிழில் இருந்திருந்தால் என்னவோ வண்ண அமைப்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பேன்.

ஆகவே என் பரிந்துரை படலச்சேர்ப்பு: தனியாகத் தீட்டிய ஒவ்வொரு பகுதியும் ஒரு படலம். ‘அடுக்கு’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தரவுக் கட்டமைப்புக்காரர்கள் அதை ஸ்டாக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘இணைப்பு’ உலாவிக்குள் வந்தால் லிங்க் என்றே படிப்பார்கள். படலம் காப்பியத்தின் உட்பிரிவு ஆயிற்றே என்று செல்லூர் நண்பர் கேட்பார். ஓசோன் படலத்தைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகள் குழம்பமாட்டார்கள்.

இதைச் செய்யும் நிரலுக்குப் படலச்சேர்ப்பி. லினக்ஸில் நிரல்களின் சாளரங்களைத் திரையில் காட்டும் முறையான வேலாண்டுக்கும் இதுவே பொருந்தும்: அங்கே சாளரங்கள்தான் படலங்கள். அதற்கு முந்தைய எக்ஸ் முறையில் அந்தச் சேர்ப்பி, திரையைக் கவனிக்கும் சேவையகத்திலிருந்து தனி நிரலாக ஓடும். வேலாண்டில் சேர்ப்பியும் சேவையகமும் ஒன்றே. சொல் மாற வேண்டியதில்லை.

சனிக்கிழமை இரவு மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘படலச்சேர்ப்பு: வெப்ரெண்டர் (மென்பொருள்வழி)’ என்று ஏற்றப்போகிறேன். மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லை மட்டும் அனுப்பாமல், அதே வரியில் அதைப் பொருத்திக் காட்டி அனுப்புங்கள்.