மறுமொழி: 'முதல் அபிப்பிராயம்' வேணாம், 'முகராசி'ன்னு வச்சா இன்னா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா எல்லா மெயிலையும் படிச்சிகினுதான் இருந்தேன், ஆபீஸ்ல ஒரே பேஜாரு, பதில் போட முடியல. நம்ம கேம் கலைச்சொல் பட்டியலுக்கு, கேம்ல வர்ற கம்ப்யூட்டர் எதிராளி நம்மள மொத தடவ பாக்கும்போதே ஒரு பிளஸ்ஸோ மைனஸோ போட்டு வச்சிக்குதே, அதுக்கு இன்னா பேரு வைக்கிறதுன்னுதான பேச்சு. ஐயா 'முதல் மனப்பதிவு'ன்னாரு, பெரம்பூர் தம்பி 'முதல் அபிப்பிராயம்'னாரு, நடுவுல யாரோ 'முகமதிப்பு'ன்னு போட்டிருந்தீங்க. முகமதிப்ப இப்பவே தள்ளிடலாம், அத ஷேர் மார்க்கெட்காரங்க எடுத்துகினு போயி ரொம்ப வருஷமாச்சு.

மனப்பதிவு நல்ல வார்த்ததான். ஆனா ஐயா, பதியணும்னா எதையாவது பாத்திருக்கணும் இல்லியா? நாடு கட்டி ஆளுற கேம் சிவிலைசேஷன் 6ல (2016) அப்படி ஒண்ணும் நடக்கல. வேவு பாக்குற நம்ம ஸ்கவுட்டு இப்பதான் காட்டுலேர்ந்து எட்டிப் பாக்குது, எதிர்ல கம்ப்யூட்டர் ஆடுற சுமேரிய ராஜா கில்காமேஷ் வந்து நிக்கிறாரு, நாம இன்னும் ஒரு ஊரக்கூட புடிக்கல, ஒரு வார்த்த பேசல, அதுக்குள்ள உறவுக்கான காரணமெல்லாம் வரிசையா காட்டுற எடத்துல மொத சந்திப்புக்குன்னு ஒரு வரி வந்து அதுக்குப் பக்கத்துல ஒரு நம்பர் உக்காந்துகினு இருக்கும். பகட உருட்டிப் போட்ட நம்பர். நாளாக ஆக அதுவா தேஞ்சி காணாமப் போயிடும்.

இத நான் எங்க பெரியம்மாகிட்ட சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன். காசிமேட்டுல விடியகாலம் ஏலத்துல மீன் எடுத்தாந்து தண்டையார்பேட்டையில ரோட்டோரமா கூடைய வச்சி விக்கும். மொத போணி ஆனதும் அந்த நோட்ட கூடையில ஒத்தி, கண்ணுல ஒத்தி, சுருக்குப் பையில போடும். அன்னிக்கி சங்கரா சீக்கிரம் தீந்துடுச்சுன்னா 'நல்ல முகராசிக்காரிடா அது'ன்னு மொதல்ல வந்த பொம்பளைக்கு ஊரெல்லாம் பேரு. வெயில் ஏறியும் கூடை அப்படியே கெடந்தா, 'இன்னிக்கி எவ மூஞ்சில முழிச்சனோ'. அந்தம்மா இன்னா தப்பு பண்ணிச்சு? மொதல்ல வந்திச்சு, அவ்ளோதான். சாயந்தரம் யாவாரம் சூடு புடிச்சிட்டா பெரியம்மாவுக்கு அந்த மூஞ்சியே ஞாபகத்துல இருக்காது.

கில்காமேஷும் அதையேதான பண்றாரு? டூல்டிப்ல, அதான் மவுஸ மேல வச்சா வர்ற குட்டிப் பொட்டியில, போடுறதுக்கும் சௌகரியம், 'முகராசி +2', 'முகராசி −3'. மனப்பதிவுன்னா நல்ல, கெட்டன்னு முன்னாடி ஒண்ணு சேக்கணும், வரி ஒடஞ்சிடும்.

இன்னொண்ணு, பாத்த அதே டர்ன்ல 25 தங்கம் குடுத்து தூதுக்குழு அனுப்பினா +3 ஏறும். அது நாம காசு குடுத்து வாங்குற நல்ல பேரு, அதுல ராசி எங்க வந்துச்சு. தம்பி அதையும் சேத்து ஒரே மூட்டையா அபிப்பிராயம்னு கட்டுறாரு, படிக்கிற பசங்க கொழம்பிடுவாங்க.

வியாசர்பாடி தோழர் கேட்டிருந்தாரு, ராசின்னா ஜோசியமாச்சே, கலைச்சொல் பட்டியல்ல அதுக்கு எடம் குடுக்கலாமான்னு. தோழர், நானும் ராகுகாலம் பாக்குற ஆளு இல்ல. ஆனா இங்க மூடநம்பிக்க புடிச்சிகினு இருக்குறது கம்ப்யூட்டர்தான். அது யோசிச்சி முடிவு பண்ணுதுன்ற மாதிரி பேரு வச்சீங்கன்னாதான் பொய்யாவும். வடசொல்லுன்னு சொல்லுவீங்கன்னா, அபிப்பிராயம் மட்டும் இன்னா கீழடியில தோண்டி எடுத்ததா?

அதுக்காக எல்லா கேமுக்கும் முகராசின்னு ஒட்டிடக் கூடாது. சிவிலைசேஷன் 4ல (2005) தலைவருக்கு தலைவர் ஆரம்ப மனசு ஒரு நம்பரா ஃபைல்லயே எழுதி வச்சிருக்கும், காந்திக்கு ஒண்ணு, மான்டெசூமாவுக்கு ஒண்ணு. அது பொறவிக்குணம். ஃப்ரீசிவ்ல வேற கத. டென்மார்க்ல ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்துப் பசங்க மூணு பேரு ஆரம்பிச்சி 1996ல வெளிய விட்ட கேம் அது, ஏஐ ஒவ்வொரு ஆளு மேலயும் எவ்ளோ பாசம் வச்சிருக்குன்னு மைனஸ் 1000லேர்ந்து பிளஸ் 1000 வரைக்கும் கணக்கு வச்சிக்கும், புரோகிராம் கோடுலயே அதுக்கு 'லவ்'வுன்னுதான் பேரு. நாம பண்றதுக்கு ஏத்தா மாதிரி ஏறும் எறங்கும். அதுக்கு 'நேசம்' போட்டிருக்கேன். அந்த நேசத்த பதினோரு படியா பிரிச்சி ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொல்லு வச்சிருக்காங்க, அடிப் படிக்கு 'கருவறுக்கும்'னு போட்டேன், உச்சிப் படிக்கு 'தலைமேல் வைத்தாடும்', நட்டநடுவுல 'நடுநிலை', அதுக்கு ஒரு படி கீழ 'உறுத்தல்'. மீதி ஏழுதான் உயிர வாங்குது, யாராவது கை குடுங்க.

பட்டியல்ல இப்போதைக்கு இப்படி எழுதி வச்சிருக்கேன், ஐயா எழுத்துத்தமிழ திருத்தி குடுத்தா நல்லாருக்கும்:

முகராசி: முதல் சந்திப்பின்போது கணினி எதிராளி, ஆட்டக்காரரின் செயல் எதையும் பாராமல், தற்போக்கில் இடும் உறவுப் புள்ளி. கூட்டலாகவோ கழித்தலாகவோ இருக்கலாம், காலப்போக்கில் தேயும்.

'தற்போக்கில்' சரியா, 'குருட்டாம்போக்கில்'னே போட்டுடலாமா? எனக்கு ரெண்டாவதுதான் புடிச்சிருக்கு. ஞாயித்துக்கெழம ராத்திரிக்குள்ள சொல்லுங்க, அப்பால நான் ஃபைல மூடிடுவேன்.

— ராயபுரத்துலேர்ந்து