மறுமொழி: 'லொக்' என்பதற்குப் 'பதிவு' போதுமா?

அண்ணா, வணக்கம்.

நாம் தமிழாக்கும் மென்பொருளில் 'லொக்' (log, நடப்பதை இயந்திரம் தன்பாட்டில் எழுதிவைக்கும் குறிப்பு) வரும் இடமெல்லாம் 'பதிவு' என்றே போட்டுவிடுவோம், சனத்துக்கு விளங்கும் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். விளங்கவில்லை என்பதை நான் நேரில் கண்டேன். கல்லடியில் பின்னேரத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும்போது நாம் தமிழாக்கிய திரையைத் திறந்து வைத்திருந்தேன். அதில் ஒருவர் எழுதிப் போடுவதும் பதிவு, பெயர் கொடுத்துச் சேர்வதும் பதிவு, குரலைப் பிடித்து வைப்பதும் பதிவு, லொக்கும் பதிவு. 'பதிவுகளை அழி' என்ற பொத்தானைக் காட்டி ஒரு பிள்ளை, "சேர், இதை அமத்தினா நான் எழுதினதெல்லாம் போயிடுமா?" என்று கேட்டாள். அழியப்போவது இயந்திரம் தன்பாட்டில் எழுதிவைத்த குறிப்பு மட்டும்தான், ஆனால் நாம் கொடுத்த சொல்லில் அது இல்லையே.

அதனால்தான் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 'லொக்' முதலில் வெறும் மரக்குற்றி. பாய்க்கப்பலின் வேகத்தை அறிய ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிப் பின்புறத்தால் கடலில் போடுவார்கள். பிறகு அது ஈயம் பதித்த கால்வட்டப் பலகையாக மாறியது. பலகை நீரில் நின்ற இடத்தில் நிற்கும், கப்பல் முன்னே போகப் போகக் கயிறு இழுபடும். கயிற்றில் ஏறத்தாழ 47 அடிக்கு ஒரு முடிச்சு, கையில் 28 விநாடி மணற்கடிகாரம். மணல் தீருமுன் எத்தனை முடிச்சு கையைக் கடந்தது என்று எண்ணினால் அதுதான் வேகம். மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1852 மீற்றர், போவதை இன்றும் முடிச்சுக் கணக்கில்தான் சொல்கிறார்கள். அந்த எண்ணை எழுதிய புத்தகத்துக்கு மரத்துண்டின் பெயரே ஒட்டிக்கொண்டது, பிறகு காற்று, திசை, கப்பலில் நடந்தது எல்லாம் நேரத்தோடு அதில் ஏறின. கணினிக்கு வந்தது இந்தப் புத்தகம்தான். இணையத்தில் நாளுக்கு நாள் எழுதிவைக்கும் பக்கத்துக்கு 1997இல் 'வெப்லொக்' (weblog) என்று பெயர் வைத்தார்கள், 1999இல் அதை 'வி புளொக்' (we blog) என்று ஒருவர் பிரித்து எழுத, 'புளொக்' தனிச்சொல்லாகிவிட்டது. கணக்குப் பாடத்தில் வரும் லொக் இதற்கு உறவே இல்லை, அது கிரேக்க வழி வந்த வேறு சொல், நமக்கு மடக்கை.

ஆக, நேரத்தோடு நடந்ததை வரிசையாக எழுதும் புத்தகம் என்பதுதான் இதன் உயிர். அதற்கு நம் பள்ளிக்கூடங்களில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது அண்ணா! அதிபரின் மேசையில் இருக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகம் லொக் புத்தகம்தானே? அதையே எடுக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் 'திரட்டு' பல இடத்திலிருந்து சேர்ப்பதற்கும் வந்துவிடும். அதனால் 'நிகழ்வேடு' என்று வைப்போம் என்கிறேன். விஜயதசமிக்குப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிறோம், கண்ணகி அம்மன் சடங்கில் ஏடு படிக்கிறோம், ஏடு நமக்குப் புதிதல்ல. 'லொகின்' மட்டும் விக்கிப்பீடியாவில் உள்ளபடி 'புகுபதிகை'யாகவே இருக்கட்டும். உள்ளே போவதோடு போனது எழுதப்படுகிறது என்பதும் அதில் இருக்கிறது, 'உள்நுழை'வில் அது இல்லை.

*

தம்பி, அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகு 'பதிவு' என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். சம்பவத்திரட்டு எனக்கு ஞாபகமே வரவில்லை, இத்தனைக்கும் காரைதீவில் பிறந்து சென்னையில் 1936இல் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகளின் ஊர்ப்பக்கத்து ஆள் நான்.

ஆனால் வினை என்ன செய்யப்போகிறாய்? 'இந்தப் பிழை லொக் செய்யப்பட்டது' என்று நூறு இடத்தில் வருகிறது. 'நிகழ்வேட்டில் எழுதப்பட்டது' என்றால் கைபேசித் திரையில் பொத்தானுக்குள் அடங்காது.

*

அண்ணா, 'ஏடேற்று'. அரங்கேற்று மாதிரி. 'பிழை ஏடேறியது' என்றால் இரண்டே சொல். பழைய கோப்பை ஒதுக்கிப் புதிதைத் தொடங்குவது 'ஏடு மாற்றல்'. அந்தப் பொத்தானை 'நிகழ்வேட்டை அழி' என்று மாற்றி வைத்திருக்கிறேன், நாளைக்கு அதே பிள்ளையிடம் காட்டிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.