மடியடையா, கவவடையா: ஓரம் மடித்துச் சுடும் பழப் பண்டத்துக்கு ஒரு பெயர்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓரம் மடித்துச் சுடும் பிரெஞ்சுப் பழப் பண்டத்துக்குத் தமிழ்ப்பெயர் கேட்டுக் கீழக்கரை லாத்தா (அக்கா) அவர்கள் தொடங்கிய இழையில் 'பழத்தட்டு', 'பழ அப்பம்', 'கவவடை' என மூன்று பெயர்கள் வந்துள்ளன. பெயரைப் பற்றிப் பேசுமுன் பண்டத்தை ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது என்று கருதிச் சென்ற ஞாயிறன்று மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு ஓவனில் அதைச் சுட்டேன். என் கருத்து மாறியது அங்கேதான்.

பிரெஞ்சுக்காரர்கள் கலெட் என்று சொல்லும் இந்தப் பண்டத்துக்கு அச்சுத் தட்டு கிடையாது. மாவை ஏறத்தாழ 30 செ.மீ. அகல வட்டமாகத் தேய்த்து, நடுவில் பழத்துண்டுகளைப் பரப்பி, சுற்றிலும் விட்டுவைத்த நான்கு விரற்கடை ஓரத்தைப் புடவைக் கொசுவம் போல மடித்து மடித்துப் பழத்தின் மேல் சாய்த்து, நடுப்பகுதியைத் திறந்தபடியே விட்டு, 200 பாகை செல்சியசில் 40 முதல் 45 நிமிடம் வரை சுடுகிறோம். ஆகவே 'பழத்தட்டு' பொருந்தாது. தட்டில்லாமல் செய்வதே இதன் தனித்தன்மை. 'பழ அப்பம்' என்றால் ஊற்றுமாவு நினைவுக்கு வருகிறது, இங்கே ஊற்றுவது எதுவுமில்லை. (கொசுவத்தை வைத்துக் 'கொசுவடை' என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் அதைக் 'கொசு வடை' என்று படித்துச் சிரித்தார்கள்; அதோடு கைவிட்டேன்.)

'கவவடை' அழகான ஆக்கம் என்பதில் ஐயமில்லை. 'கவவு அகத்திடுமே' என்பது தொல்காப்பிய உரியியல்; கவவு என்றால் உள்ளே அகப்படுத்திக்கொள்வது. மதுரைக்காஞ்சி காட்டும் அங்காடியில் 'கவவொடு பிடித்த வகையமை மோதகம்' விற்கப்படுகிறது, அங்கே கவவு என்பது உள்ளே வைத்த பூரணம். ஆனால் இந்தச் சான்றே அந்தப் பெயருக்கு எதிராகவும் நிற்கிறது. மோதகம் பூரணத்தை முழுவதுமாக மூடிவிடுகிறது. நம் பண்டமோ பழத்தை ஓரத்தில் மட்டும் அணைத்து நடுவில் காட்டுகிறது. கவவடை என்ற சொல்லைச் சோமாசியைப் போல முற்றிலும் மூடிச் சுடும் பழப் பண்டத்துக்கு ஒதுக்கி வைத்தால், பின்னால் அந்தப் பெயருக்கு அலைய வேண்டியிராது.

நான் முன்வைப்பது 'மடியடை'. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை: மடித்த அடை, மடிக்கின்ற அடை, மடிக்கும் அடை. செய்பவரின் கை என்ன செய்கிறதோ அதையே பெயர் சொல்கிறது.

அடை என்றால் பருப்பும் அரிசியும் அரைத்துத் தோசைக்கல்லில் வார்ப்பதுதானே என்ற மறுப்பு வரும். குமரி மாவட்டத்து இலையடை ஆவியில் வேகிறது, காரடையான் நோன்புக்கு வெல்ல அடை வேறு செய்கிறார்கள், தேன்கூட்டையும் நாம் தேனடை என்றே சொல்கிறோம். தட்டையும் தடிப்பும்தான் இவற்றுக்குப் பொது. பிரெஞ்சிலும் நிலைமை இதுவே. கூழாங்கல்லைக் குறிக்கும் 'கலே' என்ற சொல்லிலிருந்து வந்த கலெட், பிரான்சின் பிரித்தானி பகுதியில் பாப்பரை (பக்வீட்) மாவுத் தோசையையும், ஜனவரியில் கிறித்தவர்கள் கொண்டாடும் மூன்றரசர் திருநாளில் அடுக்கடுக்கான இனிப்பு அப்பத்தையும், பழம் வைத்து ஓரம் மடித்த நம் பண்டத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. கலெட் எவ்வளவு அகலமான சொல்லோ அவ்வளவு அகலமான சொல் அடை. இவ்வளவு நெருக்கமாக ஈடுகொடுக்கும் பொதுச்சொல் கையிலிருக்க, வேறொன்றைத் தேடுவது வீண் என்பது என் எண்ணம்.

இதனுடன் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. 200 கிராம் மைதாவில் 125 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, விரல்நுனியால் பட்டாணி அளவுக்கு உதிர்த்து, நான்கு மேசைக்கரண்டி ஐஸ் போலக் குளிர்ந்த நீர் தெளித்துச் சேர்க்கிறோமே, அந்த மாவுக்கு என்ன பெயர்? 'பிசைந்த மாவு' என்று மொழிபெயர்ப்பவர்கள் பண்டத்தையே கெடுத்துவிடுகிறார்கள். பிசைந்தால் மாவின் பசையம் (குளுட்டன்) இழுவை பெற்று மேலோடு தோல் போலாகிவிடும். வெண்ணெய் துண்டாகவே இருந்து, ஓவனில் உருகி, அதன் நீர் ஆவியாகி மாவைத் தூக்கினால்தான் பொறுபொறுப்பு வரும். புட்டுக்கு மாவு எடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் பிசைதல் வேறு, பிசறுதல் வேறு என்று தெரியும். எனவே 'பிசறுமாவு' என்று வைக்கலாம்.

நம் கடற்கரையில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வெண்ணெய் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும்; சித்திரை, வைகாசியில் நம் சமையலறையே அந்த வெப்பத்தில் இருப்பதால், பிசறிய மாவை அரைமணி நேரமும், மடித்து முடித்த அடையை மேலும் கால்மணி நேரமும் குளிர்ப்பெட்டியில் வைத்தே சுட வேண்டும். நான் கெட்டியான மாம்பழத் துண்டுகளின் மேல் சாயல்குடிக் கருப்பட்டியைத் தூளாக்கித் தூவினேன். அது பழத்தின் நீரை வெளியே இழுப்பதால் அடியில் ஒரு கரண்டி ரவை பரப்ப வேண்டியிருந்தது.

மண்டபத்திலிருந்து

---

தம்பிக்கு,

தங்கள் விளக்கத்தை ஏற்கிறேன், ஒரு தயக்கத்துடன். இராமேசுவரத்தில் 'மடி' என்றால் ஈரத்துணி உடுத்திச் செய்யும் ஆசாரச் சமையல் என்று பொருள்கொள்பவர்கள் இருக்கிறார்கள். என் கையால் சுட்டதை 'மடியடை' என்று விற்றால் அவர்கள் என்ன நினைப்பார்களோ தெரியவில்லை. எனினும் 'மடிப்படை' என்று மாற்றினால் அது 'மடி, படை' என்று பிரிந்து தோல்நோயை நினைவூட்டுகிறது. அதற்கு இது எவ்வளவோ மேல்.

பழமில்லாமல் வெங்காயமும் ஆட்டிறைச்சியும் வைத்து நான் செய்வதுண்டு. அதற்கும் இந்தப் பெயர் இடம் கொடுக்கிறது என்பதால்தான் எனக்குப் பிடித்தது. 'பழ' என்று தொடங்கிய பெயர்கள் அங்கே நின்றுவிட்டன. 'பிசறுமாவு' பற்றி எனக்கு மறுப்பே இல்லை, எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது.

வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்கு இரண்டு செய்து கொடுக்க வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் 'மாம்பழ மடியடை' என்றே எழுதி அனுப்புகிறேன். வாங்குபவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை இதே இழையில் தெரிவிக்கிறேன்.

கீழக்கரையிலிருந்து