ஃபிராங்கோ கோரெல்லி: பெருங்கலைஞரா, வெறும் பெருங்குரலா?

மெல்லிசைவேலன்:
இத்தாலிய ஓபரா பாடகர் கோரெல்லியின் குரல் பெரிது. கலை அவ்வளவு பெரிதில்லை. 1967இல் பார்மாவில் பாடிய புச்சினியின் ‘டோஸ்கா’ ஓபரா பதிவைக் கேளுங்கள். ‘வித்தோரியா’ (வெற்றி) என்று முழங்கியவர் அந்தச் சுரத்தை விடவே மாட்டேன் என்கிறார். இசைக்குழு காத்திருக்கிறது, கதை காத்திருக்கிறது, புச்சினியும் காத்திருக்க வேண்டியதுதான்! எனக்கு அவர் காலத்துப் பாடகர் கார்லோ பெர்கோன்சி போதும். டெனர் என்ற உயர்ந்த ஆண்குரலுக்கு வெர்டி எழுதிய ஆரியாக்கள் (ஓபராத் தனிப்பாடல்கள்) 31ஐப் பதிவுசெய்தவர் அவர். எங்கும் அளவு மீறாத பாட்டு.

அஞ்சனா_ரா:
அதே இரவின் மூன்றாம் அங்கத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? விடிந்தால் சாவு என்ற நிலையில் நாயகன் கவரதோசி காதலியை நினைத்துப் பாடும் இடம். மேல் சுரத்தைப் பிடித்து, ஒரே மூச்சில் நூலிழையாக மெலித்துக்கொண்டு போகிறார். தொண்டை வலு மட்டும் இருந்தால் இது வராது. வெர்டியின் ‘ஐடா’வில் டெனரின் முதல் ஆரியாவும் அப்படித்தான். கடைசி உச்ச சுரம் தேய்ந்து மறைய வேண்டும் என்று வெர்டி குறித்திருக்கிறார். பல டெனர்கள் ஓங்கி முடித்துக் கைத்தட்டல் வாங்கிக்கொள்வார்கள். சுபின் மேத்தா இசைக்குழுவை நடத்திய பதிவில் கோரெல்லி குறித்தபடியே தேய்த்து முடிக்கிறார். யார் அளவு மீறியது?

பழைய_இசைத்தட்டு:
இன்னொன்று. இத்தாலியின் அங்கோனாக்காரரான கோரெல்லி இசைப்பள்ளியில் நிலைக்கவில்லை. கரூசோ, ஜீலி, லவ்ரி-வோல்பி ஆகிய முந்தைய டெனர்களின் இசைத்தட்டுகளைக் கேட்டே பெரும்பாலும் கற்றார். 1951இல் ஸ்போலேத்தோவில் ‘கார்மென்’ ஓபராவில் அறிமுகம், 1954இல் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் பாடகி மரியா காலஸுடன், 1961இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா. ஆனால் மேடையேறும் முன் நடுங்குவார். மனைவி லொரேட்டா தேற்றியாக வேண்டும்.

மெல்லிசைவேலன்:
கோரெல்லி 1976இல், 55 வயதில் மேடையை விட்டும் போய்விட்டார். டெனரைவிடத் தாழ்ந்த பாரிட்டோன் குரலில் தொடங்கிய பெர்கோன்சியும் தம்மைத் தாமே டெனராக மாற்றிக்கொண்டவர்தான். அதே 1951இல் பாரியில் டெனராக அறிமுகமானவர், எழுபதைக் கடந்தும் பாடினார். அடித்தளம் என்பது அதுதான்.

அஞ்சனா_ரா:
2000ஆம் ஆண்டு நியூயார்க் கார்னகி ஹாலில் பெர்கோன்சி வெர்டியின் ‘ஒத்தெல்லோ’ பாட வந்து இரண்டு அங்கங்களோடு விலகினாரே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெல்லிசைவேலன்:
75 வயதில் ஓர் இரவு குரல் கைவிட்டதை நாற்பது ஆண்டுப் பாட்டுக்கு எதிரே நிறுத்துவது என்ன நியாயம்? உங்கள் நாயகர் ஒத்தெல்லோவை மேடையில் தொடவே இல்லை.

அஞ்சனா_ரா:
தொடாதது எனக்கும் இழப்புதான். ஆனால் புச்சினியின் ‘துராந்தோத்’தில் பாடகி பிர்கிட் நில்சனின் இரும்புக் குரலுக்கு எதிரே நின்று ஈடுகொடுக்க, அந்தக் காலத்தில் வேறு யாரை அனுப்புவீர்கள்? பெர்கோன்சியையா?