பேக்குலாவைப் புதிய சர்வருக்கு மாற்றும்போதே பதிப்பையும் உயர்த்தலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஓர் அச்சகத்தின் கணினிகளைக் கவனித்து வருகிறேன். திருமண அழைப்பிதழ்களும் நோட்டீசுகளும் எங்களிடம் தமிழிலும் மலையாளத்திலும் அச்சாகின்றன. பதினான்கு கணினிகளில் உள்ள வடிவமைப்புக் கோப்புகள் இரவுதோறும் பேக்குலா என்ற மென்பொருள் வழியாக ஒரே சர்வரில் பேக்கப் ஆகின்றன. அதில் உபுண்டு 16.04 இயங்குதளம், பேக்குலா 7.0.5, போஸ்ட்கிரெஸ் 9.5 டேட்டாபேஸ் ஆகியவை ஓடுகின்றன. அந்த உபுண்டுவுக்கான வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால், உபுண்டு 22.04 நிறுவிய புதிய சர்வர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். அதில் கிடைப்பவை பேக்குலா 9.6.7, போஸ்ட்கிரெஸ் 14. ஓண விடுமுறைக்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

எந்தக் கோப்பு எந்த பேக்கப்பில் உள்ளது என்று பேக்குலா குறித்துவைக்கும் பழைய கேட்டலாகை டம்ப் (முழு நகல்) எடுத்து, புதிய சர்வரில் நானே உருவாக்கிய டேட்டாபேஸில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு கோப்பின் பெயரில் யூனிகோடு முறையான யூடிஎஃப்8-க்குப் பொருந்தாத பைட்டுகள் இருப்பதாகச் சொல்லி ஏற்றம் பாதியில் நின்றுவிட்டது. யூனிகோடுக்கு முந்தைய காலத்து பேஜ்மேக்கர் கோப்பு அது. லினக்ஸ் கோப்புச் சர்வரில் அப்படிப் பல நூறு கிடக்கின்றன. பழைய சர்வரிலேயே பேக்குலாவை உயர்த்திவிட்டு மாற்றுவதா, இரண்டையும் சேர்த்தே செய்வதா? பதினான்கு கணினிகளிலும் அமைப்பை மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: நகரியிலிருந்து

ஐயா, பழைய சர்வரில் எதையும் உயர்த்தாதீர்கள். புதியது தவறினால் நீங்கள் திரும்பிப் போவதற்கு இருக்கும் ஒரே இடம் அதுதான்.

ஏற்றம் நின்றதற்குக் காரணம் உங்கள் டேட்டாபேஸின் என்கோடிங், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறை. லினக்ஸில் கோப்பின் பெயர் எந்த என்கோடிங்கிலும் இருக்கலாம் என்பதால், பேக்குலா தன் கேட்டலாகை, பைட்டுகளைச் சரிபார்க்காத எஸ்கியூஎல் ஆஸ்கி என்கோடிங்கிலும் சி லொக்கேலிலும்தான் வைத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸின் வெற்று மாதிரியான டெம்ப்ளேட் பூஜ்யத்திலிருந்து அந்த என்கோடிங்கில் புதிதாக டேட்டாபேஸ் உருவாக்கி ஏற்றுங்கள். பெயர்கள் பைட்டுக்குப் பைட் அப்படியே வந்து சேரும். பெயர்களை யூனிகோடாக மாற்றித் திருத்தலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், ஏனெனில் கேட்டலாகில் உள்ள பெயரும் டிஸ்க்கில் உள்ள பெயரும் வேறாகிவிட்டால் அந்தக் கோப்பைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிவிடும். டம்ப் எடுக்கவும் போஸ்ட்கிரெஸ் 14 உடன் வரும் கருவியையே பயன்படுத்துங்கள். பழைய டேட்டா டைரக்டரியை அப்படியே நகலெடுத்து வைத்தால் 14 அதைத் திறக்காது.

ஏற்றி முடித்த பிறகு 9.6.7 உடன் வரும் டேபிள் உயர்த்தும் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். பேக்குலா 7.0-இன் கேட்டலாக் பதிப்பு எண் 14, 9.6-இன் எண் 16. இடையில் 15-இல் நிற்கத் தேவையில்லை, ஒரே ஸ்கிரிப்ட் 16 வரை கொண்டுசென்றுவிடும். அதுவரை பேக்கப் வேலைகளை இயக்கும் டைரக்டர் நிரலைத் தொடங்க வேண்டாம்.

பதில்: பாலக்காட்டிலிருந்து

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். டைரக்டரும், பேக்கப்பை டிஸ்க்கில் எழுதும் ஸ்டோரேஜ் டீமனும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். கணினிகளிலிருந்து கோப்புகளை அனுப்பும் ஃபைல் டீமன் பழையதாக இருக்கலாம். ஃபைல் டீமன் டைரக்டரை அதன் பெயராலும் கடவுச்சொல்லாலும் அடையாளம் காண்கிறது. ஆகவே இரண்டையும் பழையபடியே வைத்தால் பதினான்கு கணினிகளையும் தொட வேண்டியதில்லை. ஆனால் டைரக்டர் அமைப்பில் ஸ்டோரேஜின் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதிவிடாதீர்கள். அந்த முகவரிதான் கணினிகளுக்கு அனுப்பப்படுகிறது. அவை தம்மையே 9103 போர்ட்டில் அழைத்துக்கொண்டு நிற்கும்.

வால்யூம்களை (பேக்கப் சேமிக்கப்படும் கோப்புகளை) நகலெடுத்த பிறகு அவற்றின் உரிமையாளரைச் சரிபாருங்கள், ஏனெனில் பேக்குலா பயனரின் எண் இரு சர்வர்களிலும் ஒன்றாக இருக்கும் என்ற உறுதியில்லை. டம்ப் எடுப்பதற்கு முன்பே எழுதுநிலையில் உள்ள வால்யூம்கள் அனைத்தையும் 'பயன்படுத்தப்பட்டது' என்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள்; புதிய சர்வர் புதிய லேபிளிட்ட வால்யூம்களில் மட்டும் எழுதட்டும்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இரண்டு சர்வர்களும் ஒரே சேமிப்பகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பழைய டைரக்டரை நிறுத்தினோம், ஆனால் பூட் ஆகும்போது தானாகத் தொடங்குவதை நீக்க மறந்துவிட்டோம். மழை இரவொன்றில் மின்சாரம் போய்த் திரும்பியதும் அது எழுந்து அதே வால்யூமில் எழுதிவிட்டது. மறுநாள், வால்யூமின் அளவும் கேட்டலாகில் உள்ள அளவும் பொருந்தவில்லை என்று அறிவித்துப் புதிய சர்வர் அதைப் பிழை நிலைக்குத் தள்ளியது. எந்த வேலை எந்த வால்யூமில் உள்ளது என்று பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆனது.

இன்னொன்று: சோதனை ரீஸ்டோர் முடியும்வரை ஷெட்யூல்களை நிறுத்தி வையுங்கள். காலக்கெடு கடந்த வால்யூம்களை முதல் இரவிலேயே பேக்குலா மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளக்கூடும்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எஸ்கியூஎல் ஆஸ்கியில் ஏற்றியதும் டம்ப் எங்கும் நிற்காமல் முடிந்தது; ஸ்கிரிப்ட் ஓடிய பின் பதிப்பு எண் 16 என்று காட்டியது. அந்தப் பழைய பேஜ்மேக்கர் கோப்பையும், மலையாளப் பெயர் கொண்ட ஒரு கோரல்டிரா அழைப்பிதழையும் தனி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து மூலத்தோடு ஒப்பிட்டேன். இரண்டும் மாறாமல் இருந்தன.

பதின்மூன்று கணினிகள் எந்த மாற்றமும் இன்றி இணைந்தன. முன்மேசைக் கணினி மட்டும் மறுத்தது. அதன் ஃபயர்வாலில் 9102 போர்ட்டுக்குப் பழைய சர்வரின் ஐபி மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தது; புதியதைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. பழைய சர்வரில் பேக்குலா தானாகத் தொடங்குவதை நீக்கி, நெட்வொர்க் கேபிளையும் கழற்றி, மாதாந்திர முழு பேக்கப் முடியும்வரை அப்படியே வைத்திருக்கிறேன்.