ரோமில் ஹெர்குலிஸ்: எங்கே பார்ப்பது, எதில் ஏமாறுவது

கல்வெட்டுக்காரன்:
ஹெர்குலிஸைப் பார்க்க நேரே அருங்காட்சியகத்துக்கு ஓடாதீர்கள். முதலில் டைபர் கரையின் பழைய மாட்டுச் சந்தை, ஃபோரம் போவாரியம். ஹெர்குலிஸின் மாடுகளைத் திருடிய காகஸ் என்ற அரக்கன், தடம் திசை மாறித் தெரியட்டும் என்று அவற்றை வாலைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் போனான், ஹெர்குலிஸ் அவனைக் கொன்றான் என்ற கதையை ரோமர்கள் இந்தப் பகுதியில்தான் வைத்தார்கள். அதையொட்டி எழுந்த பலிபீடம் ஆரா மாக்ஸிமா. சாந்தா மரியா இன் காஸ்மெதின் தேவாலயத்துக்கு வருகிறவர்கள் முகப்பிலுள்ள கல்முகத்தின் வாயில் கையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நிலவறைக்கு இறங்குங்கள். அங்கே தெரியும் பெரிய டூஃபா (எரிமலைச் சாம்பல் இறுகிய கல்) கற்கள் அந்தப் பலிபீடத்தின் அடித்தளம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

வட்டக்கோயில்:
எதிரே இருக்கும் வட்டக் கோயிலை வெஸ்டா (அடுப்புத் தீயின் தேவதை) கோயில் என்று சொல்லும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். ஹெர்குலிஸ் விக்டர் (வெற்றி பெற்ற ஹெர்குலிஸ்) கோயில் என்பதே இன்று பரவலான கருத்து. கி.மு. 2ஆம் நூற்றாண்டு, கிரேக்கப் பெந்தெலிக் பளிங்கு. 20 தூண்களில் 19 நிற்கின்றன. வடபக்கத் தூண்கள் சில பின்னாளில் இத்தாலிய லூனி பளிங்கில் மாற்றப்பட்டவை. கல்லின் நிறத்தை ஒப்பிட்டால் புரியும். மேலிருந்த விதானப்பகுதி போய்விட்டது, ஓட்டுக் கூரை பிற்காலத்தது.

பலிபீடம்:
இந்த வழிபாட்டின் உயிர் நேர்த்திக்கடன். வணிகர் லாபத்திலும் தளபதி கொள்ளையிலும் பத்தில் ஒரு பங்கை ஹெர்குலிஸுக்குக் கொடுத்து ஊருக்கு விருந்து வைப்பார்கள். ரோமின் பெரும் பணக்கார அரசியல்வாதி கிராசஸ் 10,000 மேசைகளில் விருந்து போட்டு, மூன்று மாதத்துக்குத் தானியமும் கொடுத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் புளூடார்க் எழுதுகிறார். பக்தியா, தேர்தல் செலவா என்பது வேறு விஷயம்.

சடங்கு கிரேக்க முறை. வழக்கமான ரோமப் பலியில் டோகா என்ற மேலாடையை இழுத்துத் தலையை மூடுவார்கள். இங்கே திறந்த தலையில் லாரல் மாலை. பெண்களுக்கு அனுமதியில்லை. பூஜை உரிமை பொடிட்டியஸ், பினாரியஸ் குலங்களிடம் இருந்தது. முதல் விருந்துக்குத் தாமதமாக வந்ததால் பினாரியஸ்களுக்குப் பலியின் உள்ளுறுப்புகளில் பங்கே கிடையாது. கி.மு. 312இல் சென்சார் என்ற உயர் பதவியில் இருந்த அப்பியஸ் கிளாடியஸ் இந்தப் பணியை அரசு அடிமைகளிடம் மாற்றினார். உரிமையை விட்ட பொடிட்டியஸ் குலம் அற்றுப்போனது, அப்பியஸின் பார்வையும் போனது என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி. சாமி குத்தம் அங்கேயும் உண்டு.

நாணயப்பெட்டி:
இனி அருங்காட்சியகம். காபிடோலின் அருங்காட்சியகத்தில் இரண்டைத் தவறவிடாதீர்கள். ஒன்று, போப் நான்காம் சிக்ஸ்டஸ் காலத்தில் மாட்டுச் சந்தைப் பக்கம் கிடைத்த ஹெர்குலிஸின் பொன்பூசிய வெண்கலச் சிலை. இன்னொன்று, 1874இல் எஸ்குவிலின் குன்றில் கிடைத்த, தன்னை ஹெர்குலிஸாகக் காட்டிக்கொண்ட ரோமப் பேரரசர் கொமோடஸின் மார்பளவுச் சிலை: தலையில் சிங்கத்தோல், வலக்கையில் கதாயுதம், இடக்கையில் ஹெர்குலிஸ் கொண்டுவந்த ஹெஸ்பெரிடீஸ் தேவதைகளின் தோட்டத்து ஆப்பிள்கள். தாடிச் சுருள்களில் துரப்பணம் போட்ட ஆழத்தையும் முகத் தோலின் வழவழப்பையும் அருகில் நின்று பாருங்கள்.

நாணயம் வாங்குகிறவர்கள் சிங்கத்தோல் தலையை மட்டும் பார்த்து கொமோடஸ் என்று முடிவு கட்டக்கூடாது. அலெக்சாண்டரின் வெள்ளி நாணயத்திலும் அதே தோல்தான், ஆனால் முகத்தில் தாடி கிடையாது; பின்பக்கம் ஜீயஸ் அமர்ந்திருப்பார். கொமோடஸுக்குத் தாடி உண்டு. ஹெர்குலிஸ் வகை நாணயங்களில் பின்பக்கம் கதாயுதமும் 'ரோம ஹெர்குலிஸுக்கு' என்ற வாசகமும் பார்க்கலாம். அவை அவர் கொல்லப்படுவதற்குச் சற்று முன், கி.பி. 192ஐ ஒட்டி அடிக்கப்பட்டவை.