முன்னறிவிப்பில் 21, மழை பெய்தது 22: எதைத் தப்பாகப் படிக்கிறேன்?

சம்பாவயல்:

மயிலாடுதுறை பக்கம் நாலு ஏக்கர் சம்பா. மேலுரம் போடுகிற நேரம் என்பதால் ஒரு வாரமாக வானிலை அறிக்கையே கதி. 20ஆம் தேதி மதியம் பார்த்த அட்டவணையில் எங்கள் மாவட்டத்துக்கு 21 கட்டம் மஞ்சள், "ஓரிரு இடங்களில் கனமழை". 22 கட்டம் பச்சை.

21 பகல் முழுக்கப் பளீரென்று வெயில். கொடியில் போட்ட சாக்குகூடக் காய்ந்துவிட்டது. சரி, தப்பித்தோம் என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு யூரியாவை வீசிவிட்டு வந்தேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பிடித்த மழை ஆறரை வரை விடவில்லை. டார்ச்சோடு ஓடினால் வரப்பே தெரியவில்லை. மடையை உடைத்துக்கொண்டு தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது, உரமும் அதோடு.

காலையில் வந்த மழையளவுப் பட்டியலில் 22 என்று தேதி போட்டு எங்கள் பக்கம் 7 செ.மீ. சொன்னது 21, பெய்தது 22. அறிக்கை ஒரு நாள் பிசகியதா, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா?

கடலோரக்காற்று:

அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? போன் ஆப்பில் மணிக்கு மணி சதவீதமே வருகிறதே.

மழைமானி:

ஆப்பைப் பிறகு பேசலாம். தம்பி, அறிக்கை பிசகவில்லை. அட்டவணையின் அடிக்குறிப்பைப் பாருங்கள்: எந்த நாளின் முன்னறிவிப்பும் எச்சரிக்கையும் அன்று காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை செல்லும். நம் காலண்டர் நள்ளிரவில் தேதியைக் கிழிக்கிறது, வானிலைக்காரர்கள் காலை எட்டரைக்குக் கிழிக்கிறார்கள். 22 விடியற்காலை மூன்று மணி அவர்கள் கணக்கில் இன்னும் 21தான். உங்கள் பச்சைக் கட்டம் தொடங்கியதே 22 காலை எட்டரைக்கு, மழை விட்ட பிறகு.

இதில் இன்னொரு வில்லங்கம். முன்னறிவிப்புக்குத் தொடங்குகிற நாளின் தேதி, மழையளவுக்கு முடிகிற நாளின் தேதி. ஒரே இருபத்துநான்கு மணி நேரம்தான். அங்கே 21, இங்கே 22. நானும் முதல் இரண்டு வருஷம் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாம் ஒரு நாள் தள்ளிப் போகிறதே என்று குழம்பியவன்தான்.

7 செ.மீ. என்பது கனமழைக் கணக்கின் முதல் படி. 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 என்றால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதிகனமழை. ஆக, சொன்னபடியே பெய்திருக்கிறது.

சம்பாவயல்:

அட, அந்தப் பொடி எழுத்தை ஒருநாளும் படித்ததில்லை அண்ணே. ஆனால் பகலெல்லாம் ஒரு பொட்டு மேகம் இல்லையே?

மழைமானி:

வடகிழக்குப் பருவமழையில் கரையோரத்துக்கு இது வாடிக்கை. ராத்திரி நிலம் குளிர்ந்ததும் அங்கிருந்து கடலை நோக்கி லேசாகக் காற்று வீசும். கடலிலிருந்து வருகிற வாடைக்காற்று அதோடு முட்டும் இடத்தில் மேகம் திரளும். நடுநிசிக்கு மேல் விடியும்வரை கொட்டிவிட்டு, பத்து மணிக்கு ஒன்றும் தெரியாததுபோல வெயில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பகல் வெயிலை நம்பி உரம் போடாதீர்கள்.

நெல்லைக்காரன்:

ஒரு சின்ன சேர்க்கை. நாடு முழுமைக்குமான அறிக்கையில் இந்தியாவை 36 வானிலை உட்கோட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்ந்து அதில் ஒன்றே ஒன்று. ஓசூருக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே வரி! வயல் வேலைக்கு மாவட்ட அட்டவணைதான் சரி. அதிலும் "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை என்று பொருள். உங்கள் வயல் அந்தக் காலில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

சம்பாவயல்:

இப்போது உடனே மறுபடி யூரியா போடலாமா? இன்றைய அட்டவணையில் 23 பச்சை, 24 மஞ்சள்.

மழைமானி:

24 மஞ்சள் என்றால் 25 காலை எட்டரை வரை கை வைக்காதீர்கள். அதற்குள் வயலில் நிற்கிற தண்ணீரை வடித்துவிடுங்கள். எவ்வளவு போனது என்பதைப் பயிரின் பச்சையைப் பார்த்து வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளலாம். போடுவதாக இருந்தால் யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு 5:4:1 கணக்கில் கலந்து ஒரு ராத்திரி வைத்துப் போடுங்கள், சட்டென்று கரைந்து ஓடாது.

போடுகிற அன்று கிளம்புமுன் மூன்று மணி நேர முன்னறிவிப்பையும் காரைக்கால் ரேடார் படத்தையும் பாருங்கள். படத்தில் நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்று இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். அதிலும் ஒருமுறை ஏமாந்துவிடாதீர்கள்.

சம்பாவயல்:

போன வாரப் பட்டியலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். 16 கட்டத்தில் சொன்ன மழை 17 பட்டியலில் இருக்கிறது, 18இல் சொன்னது 19இல். அட்டவணையை அச்செடுத்து, ஒவ்வொரு தேதிக்கும் கீழே "காலை 8:30 முதல்" என்று பேனாவால் எழுதி மோட்டார் கொட்டகையில் ஒட்டிவிட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "விடிந்தால்தானேடா நாள்" என்கிறார்.